ஒட்டிய ஈறு எத்தனை ஆண்டு நிற்கும்?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பல் இம்ப்ளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதித்து, மேலே கேப் எனப்படும் செயற்கைப் பல்லைப் பொருத்தும் உலோக வேர்) பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஈறு பற்றியவை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஈறு விலகிவிட்டால் அதைச் சரிசெய்ய முடியுமா, சரிசெய்தால் எத்தனை காலம் நிற்கும் என்பதே அவற்றின் சாரம். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். தஞ்சாவூரில் பணியாற்றும் ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 59. ஆறு ஆண்டுகளுக்கு முன் மேல்வரிசை முன்பல் ஒன்றுக்கு இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளாக அந்த ஓர் இடத்தில் மட்டும் ஈறு மேலேறி, கேப்பின் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிகிறது. பேசும்போது கை தானாக வாயை மறைக்கிறது. அண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டலாம் என்கிறார் மருத்துவர். ஒட்டினால் நிலைக்குமா, மீண்டும் பழையபடி ஆகிவிடுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிலைக்கும். ஆனால் ஈறு ஏன் விலகியது என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சரிசெய்தால்தான் நிலைக்கும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே சதையை மட்டும் ஒட்டினால், ஒட்டிய சதையும் பழைய ஈறு போன வழியிலேயே போகும்.

இம்ப்ளான்ட்டில் எலும்பைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலமாகிவிட்டது. 1965-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனேமார்க் தம் முதல் நோயாளிக்குப் பொருத்திய டைட்டானியம் வேர்கள், அந்த நோயாளி 2006-இல் காலமாகும் வரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தன. எலும்பு டைட்டானியத்தைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஈறு அப்படிப் பிடிப்பதில்லை, தொல்லை தொடங்கும் இடம் அதுதான்.

இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் பல்வேரின் மேற்பரப்புக்குள் நேராகச் சென்று பதிந்திருக்கும். நன்றாக வேர்பிடித்த நாற்றைப் பிடுங்கும்போது மண் எப்படி விடாமல் பிடித்திழுக்குமோ, அப்படிப்பட்ட பிடிப்பு அது. டைட்டானியத்துக்குள் எந்த நாரும் புக முடியாது. ஆகவே இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள நார்கள் அதன் பக்கவாட்டில் ஓடி, சுற்றி வளைத்து, அணைத்தபடி நிற்கின்றனவே தவிர உள்ளே பதிவதில்லை. இரத்த ஓட்டத்திலும் வேறுபாடு உண்டு. பல்லைச் சுற்றிய ஈறுக்கு எலும்பிலிருந்தும், எலும்பின் மேலுறையிலிருந்தும், பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள சவ்விலிருந்தும் இரத்தம் வருகிறது. இம்ப்ளான்ட்டைச் சுற்றி அந்தச் சவ்வே இல்லை. மூன்று வாய்க்கால் பாய்ந்த வயலில் ஒன்று நிரந்தரமாகத் தூர்ந்துபோனால் கோடையை அது எப்படித் தாங்கும் என்று டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இம்ப்ளான்ட்டின் மீது ஒட்டப்படும் சதையின் நிலைமை இன்னும் கடினம். உலோகத்தின் மீது கிடக்கும் பகுதிக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு இரத்தமும் வராது. பக்கங்களிலுள்ள உயிருள்ள திசுவிலிருந்தும், மேலே போர்த்தி மூடும் ஈறிலிருந்தும் மட்டுமே அது பிழைத்தாக வேண்டும். மூடவேண்டிய உலோகப் பரப்பு எவ்வளவு சிறியதோ, அவ்வளவு நல்லது.

இதை நன்றாகப் புரியவைத்த இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். 2008-இல் வெளிவந்த ஒன்றில், உங்களைப் போலவே இம்ப்ளான்ட்டில் ஈறு விலகிய பத்துப் பேருக்கு அண்ணத்திலிருந்து எடுத்த திசுவை ஒட்டினார்கள். முதல் மாத முடிவில், வெளியே தெரிந்த பகுதியில் சராசரியாக 75 சதவீதம் மூடியிருந்தது. மூன்றாம் மாதம் 70. ஆறாம் மாதம் 66. ஒருவருக்குக்கூட முழுமையாக மூடவில்லை. 2013-இல் வெளிவந்த மற்றொன்றில் இருபது பேர். இங்கே மருத்துவர்கள் அறுவைக்கு முன்பே பழைய கேப்பைக் கழற்றினார்கள். அபட்மென்ட் எனப்படும் இணைப்புத் துண்டை இழைத்து மெலிதாக்கினார்கள். அதன் பிறகு திசுவை ஒட்டி, ஆறவிட்டு, புதிய ஈறின் வடிவத்துக்கேற்பப் புதிய கேப் செய்தார்கள். ஓராண்டு முடிவில் மூடிய அளவு சராசரியாக 96 சதவீதம். அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் குறையவில்லை.

இரண்டிலும் திசு ஒன்றுதான், அண்ணமும் ஒன்றுதான். இரண்டாவதில் ஈறு உட்காருவதற்கு இடம் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். தடித்த கேப் தள்ளிக்கொண்டு நிற்கும்போது அதன்மேல் ஈறை இழுத்துத் தைப்பது, நெஞ்சுப் பகுதி பிடிக்கும் சட்டைக்குப் பொத்தான் போடுவதைப் போன்றது. ஆகவே உங்கள் மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, "கேப்பைக் கழற்றிவிட்டுச் செய்வீர்களா, கழற்றாமலா?" என்பதே.

இரண்டாவதாக, இம்ப்ளான்ட் பொருத்தப்பட்ட இடத்தைப் பற்றிக் கேளுங்கள். எலும்பின் நடுவில் நிற்காமல் உதட்டுப் பக்கமாகச் சற்றே தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தால், அதற்கு முன்னால் எலும்பும் மெலிந்து ஈறும் மெலிந்து, சில ஆண்டுகளில் விளிம்பு மேலேறுவது கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டியதே. சிறிய சாய்வு என்றால் மேற்சொன்ன முறையில் சமாளிக்கலாம். அதிகம் வெளியே இருந்தால், அந்த இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே நேர்மையான சிகிச்சை. ஒரு முப்பரிமாண ஸ்கேனும், அந்த இடத்தில் மெல்லிய அளவுகோலை விட்டுப் பார்ப்பதும் இதைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, தடிமன். பன்றித் தாடையில் செய்து பார்த்த ஓர் ஆய்வில், மேலுள்ள திசு 3 மில்லிமீட்டர் இருந்தபோது கீழே எந்தப் பொருள் இருந்தாலும் நிறம் வெளியே தெரியவில்லை. 2 மில்லிமீட்டரில் டைட்டானியத்தின் நிழல் தெரிந்தது, வெள்ளை நிறப் பீங்கான் வகையான சிர்கோனியா தெரியவில்லை. உங்கள் சாம்பல் கோட்டின் ஒரு பகுதி, உலோகம் நேரடியாகத் தெரிவதாக இல்லாமல் மெலிந்த ஈறு வழியே தெரியும் நிழலாகவும் இருக்கலாம். ஈறு உயரத்தில் முழுமையாக இறங்கி வராவிட்டாலும் தடித்துவிட்டாலே கோடு மறைந்து மனம் நிம்மதியடைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டும் சதையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். அண்ணத்தில் முன்கடைவாய்ப் பற்களுக்கு நேரே உள்ள பகுதியிலிருந்து எடுக்கும் துண்டு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான். நீளம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுக் கூடுதல். உப்புநீரில் நனைத்த காஸ் துணியில் வைத்தால் நுங்குபோல வெளுத்து, ஆனால் விரலுக்குக் கெட்டியாக இருக்கும். ஒரு விளிம்பில் மஞ்சளாகக் கொழுப்பு ஒட்டியிருக்கும்; அது இரத்தக் குழாய்கள் உள்ளே வருவதைத் தடுக்கும் என்பதால் அதைச் சுரண்டி எடுத்த பின்பே வைத்துத் தைப்போம். இந்தத் துண்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது பிறந்த இடத்தின் தன்மையை மறப்பதில்லை. மெல்லிய சதைப் பகுதியில் வைத்தாலும் அண்ணத்தைப் போன்ற கெட்டி மேல்தோலையே வளர்க்கிறது என்பதை 1970-களில் குரங்குகளில் செய்த சோதனைகள் காட்டின. ஒட்டு மாங்கன்றில் அடிமரம் எதுவானாலும் காய்ப்பது மேலே கட்டிய கிளையின் காய்தானே. அண்ணத்துத் திசு நீண்டகாலம் நிற்பதற்கு இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: நான் விவசாயி. கீழ்க் கடைவாயில் இரண்டு இம்ப்ளான்ட் இருக்கிறது. பல் துலக்கினால் எரிகிறது என்று சொன்னதால் தை மாதம் அண்ணத்துத் தோலை எடுத்து அங்கே வைத்தார்கள். வைத்தபோது அகலமாக இருந்தது. நான்கு மாதம் ஆகிறது, சுருங்கி ஏறத்தாழ பாதிக்கு வந்துவிட்டது. நாற்பது நாள் பட்ட பாடு வீணா? சிகிச்சை சரியில்லையா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வீணில்லை, ஐயா. உங்களுக்குச் செய்தது முதல் கடிதத்து அம்மாவுக்குச் சொன்னதிலிருந்து வேறானது. அங்கே தோலுக்கு அடியிலுள்ள திசுவை எடுத்து ஈறுக்குள் புதைக்கிறார்கள். உங்களுக்கு மேல்தோலோடு சேர்த்து எடுத்து வெளியிலேயே வைத்திருக்கிறார்கள். இப்படி வைக்கும் திசு முதல் சில மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு சுருங்குவது வழக்கம், சிலருக்கு அதற்கும் மேலாகச் சுருங்கும். அதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் தேவைக்கு மேல் பெரிதாக வைக்கிறோம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சுருக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பின் அளவில் பெரிய மாற்றம் இராது.

இதை உங்களுக்கு அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதால்தான் இந்த நான்கு மாதமும் நீங்கள் கண்ணாடியைப் பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறீர்கள்.

இதன் வெற்றியை அகலத்தால் மட்டும் அளக்கக்கூடாது. வாயில் ஈறு இருவகை. பல்லை ஒட்டி, விரலால் தள்ளினாலும் அசையாமல் இருப்பது கெட்டி ஈறு. அதற்கு அப்பால், கன்னத்தை இழுத்தால் கூடவே வருவது இளகிய சதை. இம்ப்ளான்ட்டைச் சுற்றி 2 மில்லிமீட்டராவது கெட்டி ஈறு இருப்பது நல்லது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் அளவு. அது இல்லாதவர்கள் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. நன்றாகச் சுத்தம் செய்பவர்களுக்கு அது இல்லாமலும் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடுகிறது. ஆனால் அது இல்லாதபோது பிரஷ் பட்டால் வலிக்கிறது; வலித்தால் கை அந்த இடத்தைத் தவிர்க்கிறது; தவிர்த்த இடத்தில் அழுக்குப் படிகிறது.

திருவையாற்றுப் பக்கமிருந்து வந்த வாழை விவசாயி ஒருவரிடம், எப்படித் துலக்குகிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். எல்லாப் பற்களையும் நன்றாகத் தேய்த்தவர், இம்ப்ளான்ட் வந்ததும் பிரஷை ஓர் அங்குலம் தூக்கித் தாண்டிப் பின்பல்லுக்குப் போனார். தாண்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உடலே பழக்கிக்கொண்டுவிட்டது. அந்த ஓர் இடத்தில் மட்டும் ஈறு சிவந்து, தொட்டால் இரத்தம் வந்தது. அவருக்கும் உங்களைப் போலவே தோல் வைத்தோம், அதுவும் சுருங்கியது, மிஞ்சியது மூன்று மில்லிமீட்டர். அதற்குப் பிறகு பிரஷ் தாண்டவில்லை. நீங்களும் இன்று காலை துலக்கும்போது எரிந்ததா என்று மட்டும் பாருங்கள். எரியவில்லை, இரத்தம் இல்லை என்றால் தை மாதத்து அறுவை தன் வேலையைச் செய்துவிட்டது.

கேள்வி: எனக்கும் ஈறு ஒட்டச் சொல்கிறார்கள். அண்ணத்தில் வெட்டாமல், பாக்கெட்டில் வரும் சவ்வை வைத்தும் செய்யலாமாம். நாங்கள் சைவக் குடும்பம். அந்தச் சவ்வு எதிலிருந்து வருகிறது? அது நீடிக்குமா?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: கேட்டது மிகவும் சரி. ஈறைத் தடிப்பாக்கப் பயன்படும் கொலாஜன் சவ்வுகளில் பெரும்பாலானவை பன்றியிலிருந்தும், சில மாட்டிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மனிதர்கள் இறப்புக்குப் பின் கொடையளித்த தோலிலிருந்து செல்களை நீக்கிச் செய்யும் சவ்வும் உண்டு. எது வைக்கப்படுகிறது என்பது உறையில் அச்சிட்டிருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை; கேட்பதற்கு முன்பே சொல்வது மருத்துவரின் கடமை. சைவ உணவுக்காரரிடமோ, பன்றியைத் தவிர்க்கும் இஸ்லாமியரிடமோ இதைச் சொல்லாமல் வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

நீடிப்பைப் பொறுத்தவரை, சவ்வில் வலி குறைவு, நேரமும் குறைவு. ஆனால் கிடைக்கும் தடிமனும் பொதுவாகச் சொந்தத் திசுவைவிடக் குறைவு. சவ்வு தானே ஈறாவதில்லை. உங்கள் செல்கள் உள்ளே வந்து குடியேறுவதற்கு ஒரு சட்டமாக இருந்துவிட்டுக் கரைந்துபோகிறது. தடிமன் நிறையத் தேவைப்படும் இடத்தில் நான் சொந்தத் திசுவையே தேர்ந்தெடுப்பேன்.

அண்ணத்துக் காயத்துக்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களில் மூடிவிடும். அண்ணத்தின் அச்செடுத்து மெல்லிய அக்ரிலிக் தட்டு ஒன்று செய்து போட்டுக்கொண்டால் நாக்கு உரசாது, இரத்தக் கசிவும் குறையும். முதல் வாரம் ஆறிய தயிர் சாதம், குழைந்த இட்லி போதும். கொதிக்கக் கொதிக்கக் காபி குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த ஒரு வாரம் ஆற்றிக் குடிக்க வேண்டும். சூடு பட்டால் உறைந்த இரத்தம் இளகி மீண்டும் கசியும்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை இருக்கிறது. வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். இம்ப்ளான்ட் ஈறு ஒட்டலாமா?
- வாசகர், வலங்கைமான்

பதில்: புகையிலையை நிறுத்தும் வரை வேண்டாம். புகையிலை இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, ஒட்டிய திசு முதல் வாரம் உயிர்வாழ்வதோ அந்தக் குழாய்களை நம்பித்தான். பாக்கும் குற்றமற்றதல்ல. தொடர்ந்து மெல்லும்போது கன்னத்தின் உள்தோல் இறுகி, வாய் திறப்பதே குறைந்துபோகிறது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது. கொடிக்கால் விளையும் ஊர்களில் இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல. வெற்றிலை நம் விசேஷங்களில் என்றும் இருக்கும். அப்பாவின் கன்னத்துக்குள் நாள் முழுவதும் பாக்கு அடங்கியிருக்க வேண்டாம். சர்க்கரையைப் பொறுத்தவரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவோடு அவரை அழைத்துச் செல்லுங்கள். கட்டுக்குள் இருந்தால் சர்க்கரை தடையல்ல.

கேள்வி: ஈறு ஒட்டி இரண்டு ஆண்டு ஆகிறது. நன்றாகத்தான் இருந்தது. இப்போது சில நாட்களாக அந்த இடத்தில் இரத்தம் வருகிறது, வலி இல்லை. காத்திருந்து பார்க்கலாமா? இனி என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?
- வாசகி, பாபநாசம்

பதில்: காத்திருக்க வேண்டாம். வலி இல்லாததை நம்பாதீர்கள். இம்ப்ளான்ட்டில் நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றும். ஈறு மட்டும் வீங்கி இரத்தம் வரும் நிலையில் வந்தால் முழுமையாகத் திருப்பிவிடலாம். எலும்பு கரையத் தொடங்கிய பின் வந்தால், மேற்கொண்டு கரையாமல் நிறுத்துவதே பெரும்பாடு. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீட்டில் இம்ப்ளான்ட் உள்ளவர்களில் சராசரியாக 43 சதவீதத்தினருக்கு முதல் நிலையும், 22 சதவீதத்தினருக்கு இரண்டாம் நிலையும் இருந்தன.

உங்கள் கேப் சிமென்ட் வைத்து ஒட்டப்பட்டதா, திருகாணியால் முடுக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவருக்கு ஈறு ஒட்டினேன். அழகாக ஆறியது. பதினோராம் மாதம் சிவந்து, விளிம்பு விலகத் தொடங்கியது. திறந்து பார்த்தபோது இணைப்புத் துண்டின் பின்புறம், ஈறுக்கு அடியில், கடுகைவிடச் சற்றுப் பெரிய சிமென்ட் துணுக்கு ஒன்று பாறைபோல இறுகிக் கிடந்தது. கேப் ஒட்டிய நாளில் பிதுங்கி உள்ளே தங்கியது. ஒட்டுவதற்கு முன் நான் அதைத் தேடியிருக்க வேண்டும், தேடவில்லை. அவருடைய அண்ணத்தில் இரண்டாம் முறை வெட்ட வேண்டியதாயிற்று. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈறு நோய் வந்த இம்ப்ளான்ட்களில் ஐந்தில் நான்கில் இப்படிச் சிமென்ட் மிஞ்சியிருந்தது. அதை எடுத்ததுமே பெரும்பாலானவற்றில் நோய் அடங்கியது. அந்த நாளுக்குப் பிறகு இதைத் தேடாமல் நான் எந்த இம்ப்ளான்ட்டிலும் ஈறு ஒட்டுவதில்லை.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. மென்மையான பிரஷ், பல்லிடுக்குக்கு ஏற்ற அளவில் சிறு குச்சி பிரஷ், தினமும் இரவில் ஒரு முறை. கம்பி உலோகமாக இருந்தால் பிளாஸ்டிக் உறையிட்டதை வாங்குங்கள். ஈறு நோயால் பல் இழந்தவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் காட்ட வேண்டும். தனியார் கட்டணம் இயலாதவர்கள் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். ஈறு சிகிச்சைக்கென்றே தனித் துறை அங்கே உண்டு.

வீட்டில் ஒரு கோப்பில் இரண்டு பொருளைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று, கேப் பொருத்திய நாளில் எடுத்த எக்ஸ்ரே. பின்னாளில் எலும்பு கரைந்ததா என்று ஒப்பிட வேறு வழியில்லை. மற்றொன்று, இம்ப்ளான்ட்டின் நிறுவனம், வகை, விட்டம், நீளம் எழுதிய சிறு அட்டை. அது கிடைக்காதவர்கள் இப்போதே கேட்டு வாங்குங்கள். நாளை ஈறைச் சரிசெய்யக் கேப்பைக் கழற்ற வேண்டி வந்து, முதலில் செய்த மருத்துவர் ஊர் மாறிப் போயிருந்தால், அந்தத் திருகாணிக்கு எந்த முனை பொருந்தும் என்று அடுத்த மருத்துவருக்குச் சொல்வது அந்த அட்டைதான்.